சிரட்டையைக் கையில் கொடுத்துக் கேளுங்கள்

கொழிஞ்சாம்பாறை, பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் பலர் மலையாளத்திலோ இங்கிலீஷிலோ படிக்கிறார்கள். டீச்சர் கேட்டதைத் தமிழில் புரிந்துகொண்டு, பதிலைப் பள்ளி மொழிக்கு மாற்றுவதற்குள் அடுத்த பிள்ளைக்குக் கேள்வி போய்விடுகிறது. இப்படி நாலு முறை நடந்தால் 'மந்தம்' என்று பெயர் விழுந்துவிடும். அதன்பிறகு ஐக்யூ டெஸ்ட்.

ரிப்போர்ட்டில் 88 என்று இருந்தால் அதோடு நிறுத்தாதீர்கள். இந்தியப் பிள்ளைகளுக்கான ஐக்யூ டெஸ்டான மாலின் சோதனையில் சொல்வழி (வாயால் பதில் சொல்வது), செயல்வழி (கையால் செய்து காட்டுவது) என இரண்டு எண்கள் தனியாக வரும்; சராசரி 100. சொல்வழி 75, செயல்வழி 101 என்றாலும் கூட்டிப் பாதியாக்கினால் அதே 88தான். இந்த 26 புள்ளி இடைவெளிக்குக் காரணம் டெஸ்ட் நடந்த மொழியாக இருக்கலாம். காது கேட்பதில் குறையோ வாசிப்புச் சிக்கலோ கூட இருக்கலாம். காதைப் பார்த்துவிட்டு, வீட்டு மொழியில் மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். 11 முதல் 16 வயதுக்குள் என்றால் பாட்டியா சோதனை இருக்கிறது. அதில் கட்டை அடுக்குவது, வடிவம் வரைவது போன்ற கைவேலைதான் அதிகம். 1905-ல் பாரிஸில் உளவியலாளர் பினே முதல் ஐக்யூ வகைச் சோதனையை உருவாக்கியதே கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கத்தான். அதைவைத்துப் பிள்ளையை ஒதுக்குவது அநியாயம்.

படைப்பாற்றல் இந்த எண்ணில் பெரிதாகத் தெரியாது. ஒரு பொருளுக்கு எத்தனை பயன் தோன்றுகிறது என்று கேட்டுப் பார்த்த உளவியலாளர் கில்ஃபோர்டு வழியில் வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கொடுத்து, "இதை வச்சு என்னென்ன பண்ணலாம்?" என்று மூன்று நிமிடம் கேளுங்கள். அகப்பை, ரப்பர் பால் பிடிக்கும் கிண்ணம், விளக்கு என்றால் மூன்று பதில், ஆனால் மூன்றும் ஏந்துகிற பாத்திர வகை. இஸ்திரிப்பெட்டிக்குக் கரி என்றால் வகை மாறிவிட்டது. இரண்டைத் தட்டிக் குதிரைக் குளம்புச் சத்தம், கயிறு கட்டிக் காலில் மாட்டி நடப்பது என்று போனால் பிள்ளையின் யோசனை வகைவிட்டு வகை நன்றாகத் தாவுகிறது. எண்ணிக்கையோடு வகைகளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த விளையாட்டு கெட்டுப்போவது எங்கே என்றால், நாம் முதலிலேயே உதாரணம் சொல்லிவிடுவோம். பிள்ளை அதையே சுற்றிவரும். நடுவில் "தப்பு" என்றாலும், சொல்லைத் திருத்தினாலும் வாய் மூடிக்கொள்ளும். தமிழும் மலையாளமும் கலந்து வந்தால் வரட்டும். மார்க் போட வேண்டாம், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடவும் வேண்டாம்.

டீச்சர்களுக்கு ஒன்று. கேள்வி கேட்டபின் பெரும்பாலும் ஒரு நொடிதான் காத்திருக்கிறோம் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ வகுப்பறைகளில் கண்டறிந்தார். மூன்று நொடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசின. மொழி மாற்றி யோசிக்கும் பிள்ளைக்கு அந்த முதல் நொடி கேள்வியைப் புரிந்துகொள்ளவே சரியாகிவிடும். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிவிட்டு அடுத்த பிள்ளையைப் பாருங்கள்.