‘ஜெலியோன்கா’: ஒரு பச்சை மருந்துக்குப் பெயர் வந்த விதம்

ரஷ்யாவில் மருத்துவம் படிக்கும் வாசகர் ஒருவர், சிராய்ப்புக்குத் தடவும் பச்சை மருந்தின் குப்பியில் ‘பிரில்லியான்தவி ஜெலியோனி’ என்று அச்சிட்டிருக்க, கடையில் எல்லோரும் ‘ஜெலியோன்கா’ என்றே கேட்பது ஏன் என்று எழுதியிருந்தார்.

மருந்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இது 19ஆம் நூற்றாண்டின் துணிச்சாயங்களுள் ஒன்று. புண்ணுக்குத் தடவும் ஊதா மருந்தான ஜென்ஷன் வயலெட்டின் உறவு. இதன் 1 சதவீத ஆல்கஹால் கரைசல் கிராம்-பாசிட்டிவ் பாக்டீரியாக்களின் (ஆய்வகத்தில் ‘கிராம்’ சாயமிட்டால் ஊதா நிறம் பிடிக்கும் வகை) வளர்ச்சியைத் தடுக்கிறது. சின்னம்மைக் கொப்புளங்களின் மேல் பொட்டுப் பொட்டாக இதை வைப்பதும் அங்கே நெடுநாள் வழக்கம். சின்னம்மை வைரஸை இது கொல்வதில்லை. பச்சை படாத புதுக் கொப்புளம் எது என்று கண்டுகொள்ள மட்டுமே உதவுகிறது. காப்புரிமை இல்லாத இத்தகைய மலிவான மருந்துகளை முறையாகச் சோதிக்க நிறுவனங்கள் முன்வருவதில்லை. அரசுகள்தான் அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

குப்பியில் உள்ள பெயருக்கு வருவோம். மருந்தியலின் லத்தீன் வழக்கில் இது ‘விரிதே நிதென்ஸ்’, அதாவது ஒளிரும் பச்சை. ஒளிர்வதைக் குறிக்கும் ‘பிரியான்’ என்ற பிரெஞ்சுச் சொல் ரஷ்ய மொழிக்குள் ‘பிரில்லியாந்த்’ என்று நுழைந்து, பட்டை தீட்டிய வைரத்துக்கே உரிய பெயராக நிலைத்துவிட்டது. அதனால், வைரத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத இந்தச் சாயம், ரஷ்யர் காதில் ‘வைரப் பச்சை’ என்று ஒலிக்கிறது.

பேச்சு வழக்கு அந்த வைரத்தை உதறிவிட்டுப் பச்சையை மட்டும் வைத்துக்கொண்டது. நீண்ட தொடரிலிருந்து பெயரடையின் வேரை மட்டும் எடுத்து, அதன் இறுதியில் ‘கா’ விகுதியைச் சேர்த்து ஒற்றைப் பெயர்ச்சொல்லாக்குவது ரஷ்ய மொழியின் மிக அழகான வழக்கங்களுள் ஒன்று. உயிரற்ற பொருள்களுக்கும் ஆண்பால், பெண்பால், அலிப்பால் என்று மூன்று பால் வகுக்கும் அம்மொழியில், மூலத் தொடர் எந்தப் பாலைச் சேர்ந்ததாக இருந்தாலும் ‘கா’ சேர்ந்ததும் அது பெண்பாலாகிவிடுகிறது. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் பழைய பெயரான ‘மர்கன்சவகீஸ்லி காலி’ ஆண்பால். அதிலிருந்து பிறந்த ‘மர்கன்சோவ்கா’ பெண்பால். குறித்த தடத்தில் ஓடும் சிற்றுந்தின் பெயரான ‘மர்ஷ்ரூத்னயே தக்ஸி’ அலிப்பால். மக்கள் ஏறிச் செல்லும் ‘மர்ஷ்ரூத்கா’வோ பெண்பால். ‘ஜெலியோனி’யில் ‘ஜெலியோன்’ என்ற வேர் நிற்க, ‘கா’ சேர்ந்து ‘ஜெலியோன்கா’ பிறந்ததும் இப்படித்தான். பின்னாளில் வீடுகளுக்குள் வந்த மைக்ரோவேவ் அடுப்பையும் இந்த விகுதி விட்டுவைக்கவில்லை. அதை இன்று ‘மிக்ரவல்னோவ்கா’ என்கிறார்கள்.