வரப்பு தாண்டும் அறிவு, தாண்டாத அறிவு

குமரி மாவட்டத்தில் குலசேகரம், திருவட்டாறு பக்கம் ஏத்தன் (நேந்திரன்) வாழை வைக்கும் சிறு விவசாயிகள் பலர், போன தடவை யாருடைய விளையில், அதாவது தோட்டத்தில், குலை நன்றாக விழுந்ததோ அவரிடமே கன்று கேட்கிறார்கள். தாய் வாழையைக் கண்ணால் பார்த்தாயிற்று, வேறு சான்று வேண்டாம்.

கன்றோடு கைப்பக்குவமும் சேர்ந்தே வருகிறது. "அகல இலை விட்டத விடு மக்கா, ஈட்டி மாதிரி ஒடுங்கி நிக்குல்லா, அத எடு" என்பார் கொடுப்பவர். வேரைச் சீவிவிட்டுக் கிழங்கைத் திருப்பிப் பார்க்கச் சொல்வார். துளை இருந்தால் உள்ளே கூன்வண்டின் புழு இருக்கும். நல்ல கிழங்கு என்றால் சாணமும் சாம்பலும் கரைத்துப் பூசி, சில நாள் உலர்த்தி நட வேண்டும். பத்து நிமிடத்தில் ஒரு பாடமே முடிந்துவிடுகிறது.

கானா நாட்டில் மக்காச்சோளமும் மரவள்ளியும் போட்டுவந்தவர்கள் ஏற்றுமதிக்காக அன்னாசிக்கு மாறிய காலத்தில், கான்லி, உட்ரி என்ற இரு பொருளியலாளர்கள் இப்படி ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்பதை ஆராய்ந்தார்கள். தாங்கள் விவரம் கேட்கும் ஒருவருக்கு எதிர்பாராத லாபம் வந்தால், அவர் போட்ட உர அளவை நோக்கித் தங்கள் அளவையும் அந்த விவசாயிகள் மாற்றிக்கொண்டார்கள். புதிதாக இறங்கியவர்களே அதிகம் மாற்றினார்கள். பழகிய பயிர்களில் இந்த மாற்றம் தென்படவில்லை.

ஆனால் அடுத்தவர் வயலில் விளைந்தது என் வயலில் விளையுமா? பசுமைப் புரட்சிக் காலத்தில் புதிய கோதுமை ரகங்களை இந்திய விவசாயிகள் அக்கம்பக்கத்து விளைச்சலைப் பார்த்து ஏற்றார்கள். நெல்லில் அந்த அளவுக்கு இல்லை. அந்த நெல் ரகங்கள் மண்ணுக்கும் தண்ணீருக்கும் ஏற்ப விளைச்சலில் வெகுவாக மாறின. மலையடிவாரம், நாஞ்சில் நாட்டு வயல், கடலோர மணல் என்று சில மைலுக்குள் நிலம் மாறும் குமரி மாவட்டத்தில் இது எளிதில் புரியும். திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையம் டி.பி.எஸ். வரிசை நெல் ரகங்களை இங்கேயே உருவாக்கியதன் அருமையும் அதுதான்.

இன்னொரு வகை அறிவு கண்ணுக்கே தெரியாது. இந்தோனேசியாவில் பூச்சிமருந்து அளவுக்கு மீறிப்போய், நன்மை செய்யும் பூச்சிகள் செத்து, நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சி பெருகியது. 1989-இல் அங்கே வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. விவசாயிகள் வாரந்தோறும் வயலில் இறங்கிப் பூச்சிகளை எண்ணிப் பழகினார்கள். அந்தப் பள்ளிகளில் படித்தவர்களிடமிருந்து பக்கத்து வயல்காரருக்கு அந்த அறிவு பெரிதாகப் போய்ச் சேரவில்லை என்று பிறகு வந்த ஓர் ஆய்வு காட்டியது. இதில் எனக்கு வியப்பில்லை. மருந்து அடிக்காமல் விட்டவரின் வயலை வரப்பில் நின்று பார்த்தால், ஏன் விட்டார் என்பது எப்படித் தெரியும்?

வாழைக்கு வரும் முடிக்கொத்து நோய் இதைவிடச் சிக்கலானது. அதை உண்டாக்கும் வைரஸ் கன்றோடும் போகும், அசுவினி என்ற சாறு உறிஞ்சும் பூச்சி மூலமும் பரவும். கொடுக்கும்போது நல்ல கன்றாகத்தான் தெரியும், மாதங்கள் கழித்து இலைகள் குறுகி உச்சியில் கொத்தாக நிற்கும். மருந்து கிடையாது, அசுவினியைக் கொன்றுவிட்டுக் கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும். அதையும் ஒருவர் மட்டும் செய்தால் போதாது. பக்கத்து விளையில் ஒரு வாழை மூடு நோயோடு நின்றாலும் அசுவினி அங்கிருந்து மறுபடி வரும். அதனால் வேளாண் அலுவலர் இந்த நோய்க்காக ஊருக்கு வந்தால், முன்னோடி விவசாயி ஒருவரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. அந்தப் பகுதியில் வாழை வைத்திருக்கும் எல்லோரையும் ஒரே விளையில் கூட்டி, நோய் வந்த மூட்டைக் காட்டியே சொல்ல வேண்டும்.