ஒரே ஒரு பேண்ட் வந்தால் அது சைக்ளின் பி1 ஆகிவிடாது

ஆன்டிபாடி (குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் பிடிக்க வேண்டிய புரதம்) சரியானது என்பதற்குச் சான்றாக மறுபடியும் அதே படம் வந்து நிற்கிறது. வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் அளவுப்படி பிரித்து ஆன்டிபாடியால் அடையாளம் காணும் முறை) 48 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) பக்கத்தில் பளிச்சென்று ஒரே பேண்ட், அதாவது ஒரே பட்டை. மேலே "சைக்ளின் பி1" என்று பெயர்; செல் பிரிவை முடுக்கும் புரதம் அது. கீழே "ஒற்றை பேண்ட் கிடைத்ததால் ஆன்டிபாடியின் தனித்தன்மை உறுதியாகிறது" என்று ஒரு வரி. நோகோடசோல் (செல்களைப் பிரிவின் நடுவில் நிறுத்தும் மருந்து) போட்ட லேனிலும் (ஜெல்லில் ஒரு மாதிரி ஓடும் பாதை) போடாத லேனிலும் பேண்ட் ஒரே கனம். 1982-இல் டிம் ஹண்ட் கடல் முள்ளெலி முட்டைகளில் சைக்ளினைக் கண்டுகொண்டதே, ஒவ்வொரு பிரிவின்போதும் ஒரு பேண்ட் மட்டும் காணாமல் போய்த் திரும்ப வந்ததால்தான். கூடவும் குறையவும் செய்யாத ஒன்றைச் சைக்ளின் பி1 என்று எழுதக் கூடாது.

இந்த "ஒற்றை பேண்ட்" நம்பிக்கையை நிதானமாகப் பிரித்துப் பார்த்துவிடுவோம். எஸ்.டி.எஸ். ஜெல் புரதங்களை அளவு பார்த்துப் பிரிக்கிறது, ஆள் பார்த்து இல்லை. ஒரு செல் லைசேட்டில் (செல்களை உடைத்தெடுத்த கரைசல்) ஆயிரக்கணக்கான புரதங்கள் உண்டு. 45-க்கும் 60-க்கும் நடுவில் மட்டுமே ஏராளமானவை நெருக்கியடித்து நிற்கும். அவற்றில் தொடர்பில்லாத ஏதோ ஒன்றை உங்கள் ஆன்டிபாடி இறுகப் பிடித்தாலும் ஒரே பேண்ட்தான் வரும். சரியான ஆன்டிபாடி இரண்டு மூன்று பேண்ட் காட்டவும் கூடும். மைட்டாசிஸில் (செல் இரண்டாகப் பிரியும் கட்டம்) பாஸ்பேட் ஏறிய சைக்ளின் பி1 சற்று மேலே நகரலாம். லைசேட் தயாரிக்கையில் புரோட்டியேஸ் வெட்டிய துண்டுகள் கீழே தெரியலாம்.

எடை விஷயத்திலும் இதே குழப்பம். மனித சைக்ளின் பி1-இல் 433 அமினோ அமிலங்கள். கணக்குப்படி எடை சுமார் 48 கிலோடால்டன். ஜெல்லில் அது ஓடுவதோ 55-க்கும் 60-க்கும் இடையில். 48-இல் தேடுகிறவர் சரியான ஆன்டிபாடியைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் வேறு எதையோ பிடிக்கும் ஆன்டிபாடியை நல்லதென்று வைத்துக்கொள்கிறார். ஆன்டிபாடியோடு அது பிடிக்கும் புரதத் துண்டை முன்பே கலந்து பார்க்கும் பெப்டைட் தடுப்புச் சோதனையும் இங்கே கைகொடுக்காது. ஆன்டிபாடி பிடிக்கும் இடத்தையே பெப்டைட் அடைத்துவிடுவதால் சரியான பேண்டும் மறையும், தவறானதும் மறையும். செகண்டரி (முதல் ஆன்டிபாடியைப் பிடித்துக் காட்டும் இரண்டாம் ஆன்டிபாடி) மட்டும் போட்ட கண்ட்ரோலோ பிரைமரியைப் (புரதத்தைப் பிடிக்கும் முதல் ஆன்டிபாடி) பற்றி எதுவுமே சொல்லாது. இந்த மூன்றையும் சேர்த்து வைத்தாலும் ஆன்டிபாடி சோதிக்கப்பட்டதாக ஆகாது.

நம்ப வேண்டியது புரதத்தின் நடத்தையை. ஹீலா செல்களில் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய் செல்கள்) நான்கு லேன் போதும்: சாதாரணமாக வளரும் செல், 2 மில்லிமோலார் தைமிடினில் 16 முதல் 18 மணி நேரம் வைத்து ஜி1-எஸ் எல்லையில் (டி.என்.ஏ. நகலெடுப்பு தொடங்கும் இடம்) நிறுத்திய செல், மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் நோகோடசோலில் 16 மணி நேரம் வைத்த செல், அந்த நோகோடசோலை மூன்று முறை கழுவி, புதிய மீடியத்தில் 3 முதல் 4 மணி நேரம் விட்ட செல். இரண்டாவதில் பேண்ட் மங்கல், மூன்றாவதில் உச்சம், நான்காவதில் ஏறக்குறைய காலி. அப்படித்தான் இருக்க வேண்டும். நோகோடசோலில் 18 மணி நேரத்தைத் தாண்டி விடாதீர்கள். செல்கள் மைட்டாசிஸிலிருந்து நழுவவும் சாகவும் தொடங்கும், சைக்ளின் பி1-உம் மெல்ல அழியும்.

தயவுசெய்து அந்த மீடியத்தைக் கொட்டாதீர்கள். மைட்டாசிஸில் நிற்கும் செல்கள் உருண்டு திரண்டு, தட்டில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும். மீடியத்தை உறிஞ்சி எடுத்து, பி.பி.எஸ். உப்புக் கரைசலால் ஒரு கழுவு கழுவி, மிச்சத்தைச் சுரண்டி லைசேட் ஆக்கினால், நீங்கள் ஜெல்லில் ஏற்றுவது மைட்டாசிஸுக்குப் போகாத செல்களைத்தான். "நோகோடசோலில் சைக்ளின் கூடவில்லை" என்று வரும் புகார்களில் பல இந்த இடத்தில் முளைத்தவை. தட்டைப் பக்கவாட்டில் தட்டி, மீடியத்தையும் கழுவிய நீரையும் ஒரே குழாயில் சேர்த்து, 300 ஜி-யில் 5 நிமிடம் சுழற்றி, படிந்த செல்களை லைசேட் ஆக்குங்கள்.

நான்கு லேனும் எதிர்பார்த்தபடி வந்துவிட்டது என்பதோடு நிறுத்திவிடவும் முடியாது. செல் பிரிவோடு ஏறி இறங்கும் புரதங்கள் பல. இன்னொரு சைக்ளினான சைக்ளின் ஏ2-உம் ஏறும், இறங்கும். ஜெல்லில் அதிகத் தூரத்திலும் இல்லை. ஆனால் அது புரோமெட்டாஃபேஸிலேயே (நோகோடசோல் செல்களை நிறுத்தும் கட்டம்) அழியத் தொடங்கிவிடும். ஆகவே நோகோடசோல் லேனில் ஏ2 குறைந்தும் பி1 நிறைந்தும் இருக்கும். இரண்டையும் ஒரே லைசேட்டில் பார்த்தால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்.

கடைசித் தீர்ப்பு மரபணுவிடம்தான். சைக்ளின் பி1 செல்லுக்கு இன்றியமையாதது என்பதால் மரபணுவை முழுதாக நீக்கிய செல்லை வளர்ப்பது கடினம், எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. (குறிப்பிட்ட மரபணுவின் ஆர்.என்.ஏ.வை அழிக்கும் சிறு ஆர்.என்.ஏ.) கொண்டு 48 மணி நேரம் அடக்கிப் பாருங்கள். வெவ்வேறு வரிசை கொண்ட இரண்டு எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. வேண்டும், இரண்டிலும் பேண்ட் குறைய வேண்டும். அதே லைசேட்டில் சைக்ளின் ஏ2-ஐயும் சைக்ளின் பி2-ஐயும் பார்ப்பது கட்டாயம். அவையும் கூடவே சரிந்திருந்தால் செல்கள் ஜி2-வை (மைட்டாசிஸுக்கு முந்தைய கட்டம்) எட்டவே இல்லை என்று பொருள். உங்கள் பேண்ட் குறைந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். இந்த ஒப்பீட்டைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

வெஸ்டர்ன் வேலைமுறை எல்லாருக்கும் தெரிந்ததே: 20 முதல் 30 மைக்ரோகிராம் புரதம், 10% ஜெல், 5% பால்பொடியில் ஒரு மணி நேரம், பிரைமரி 4 டிகிரி செல்சியஸில் இரவு முழுக்க. நீர்ப்பு விகிதத்தை மட்டும் தாளில் இருப்பதை அப்படியே எடுக்காமல் 1:500, 1:1000, 1:2000 என்று மூன்று விகிதங்களையாவது வைத்துப் பாருங்கள். பாஸ்பேட் ஏறிய வடிவத்துக்கான ஆன்டிபாடி என்றால் பாலைத் தவிர்த்து பி.எஸ்.ஏ. (மாட்டு சீரம் அல்புமின்) போடுங்கள், பாலின் கேசீனே பாஸ்பேட் நிறைந்த புரதம். நோகோடசோல் சோதனைக்கு லோடிங் கண்ட்ரோலாக (எல்லா லேனிலும் சம அளவு ஏறியதா என்று காட்டும் புரதம்) ட்யூபுலின் வேண்டாம். அந்த மருந்து ட்யூபுலின் இழைகளைக் கலைக்கிறது; தனி ட்யூபுலின் பெருகினால் செல் அதன் ஆர்.என்.ஏ.வை அழித்து உற்பத்தியைக் குறைத்துவிடும்.

இம்யூனோபிரெசிபிடேஷன் (ஆன்டிபாடியால் புரதத்தைத் தனியே இழுத்தெடுக்கும் முறை) செய்தால் ஆன்டிபாடியின் கனச் சங்கிலி 50 கிலோடால்டன் பக்கம் தடித்து வந்து, சைக்ளின் பி1-ஐ மறைக்கும் அளவுக்கு நெருங்கி நிற்கும். முயல் ஆன்டிபாடியால் இழுத்து, எலி ஆன்டிபாடியால் பாருங்கள்.

இம்யூனோஃபுளோரசன்ஸில் (ஒளிரும் ஆன்டிபாடியால் செல்லுக்குள்ளேயே புரதத்தைப் பார்க்கும் முறை) வெஸ்டர்ன் வெற்றி செல்லாது. ஜெல்லில் ஆன்டிபாடி சந்திப்பது விரிந்து கிடக்கும் புரதத்தை; கவர்ஸ்லிப்பில் (செல்கள் வளரும் மெல்லிய கண்ணாடி) சந்திப்பது மடிந்து, ஃபார்மால்டிஹைடால் பிணைந்த புரதத்தை. 4% பாராஃபார்மால்டிஹைடில் 15 நிமிடம் ஒரு கவர்ஸ்லிப், −20 டிகிரி செல்சியஸ் மெத்தனாலில் 10 நிமிடம் இன்னொன்று என்று இரண்டையும் செய்யுங்கள். இங்கே ஓர் அருமையான கண்ட்ரோல் அதே கவர்ஸ்லிப்பில் இலவசமாகக் கிடைக்கிறது. ஜி2 செல்லில் சைக்ளின் பி1 சைட்டோபிளாசத்திலும் சென்ட்ரோசோமிலும் இருக்கும், புரோஃபேஸில் நியூக்ளியஸுக்குள் நுழையும், மெட்டாஃபேஸின் (குரோமோசோம்கள் நடுவில் வரிசையாக நிற்கும் கட்டம்) முடிவுக்குள் அழியும். அதனால் குரோமோசோம்கள் இரண்டு பட்டையாகப் பிரிந்து விலகிய அனாஃபேஸ் செல்லைத் தேடிப் பிடியுங்கள். அது இருண்டு கிடக்க வேண்டும். பக்கத்து மெட்டாஃபேஸ் செல்லைப் போலவே அதுவும் ஒளிர்ந்தால் நீங்கள் பார்ப்பது பின்னணிச் சாயம். உருண்ட செல் தடிமனாக இருப்பதால் எந்த மோசமான ஆன்டிபாடியும் அதில் பளிச்சிடும். பலர் ஏமாறுவது இந்தப் பளிச்சிடலில்தான். கழுவும்போது பஃபரைச் செல்லின் மேல் ஊற்றாமல் தட்டிலுள்ள குழியின் சுவரோரமாக விடுங்கள், இல்லாவிட்டால் பார்க்க வேண்டிய செல்களே அடித்துக்கொண்டு போய்விடும்.

வாங்கும்போது, முடிந்தால் ரீகாம்பினன்ட் ஆன்டிபாடியாகப் (மரபணு வரிசையிலிருந்து செல்களில் தயாரித்தது) பாருங்கள். 65 புரதங்களுக்கான 614 ஆன்டிபாடிகளை மரபணு நீக்கிய செல்களோடு ஒப்பிட்டு 2023-இல் வெளியான ஆய்வில், ரீகாம்பினன்ட் வகை சராசரியாக மற்ற வகைகளை முந்தியது. பாலிகுளோனல் (விலங்கின் இரத்தத்திலிருந்து எடுத்த பல ஆன்டிபாடிகளின் கலவை) என்றால் லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறும்போதெல்லாம் பழைய லைசேட்டில் புதியதையும் பழையதையும் அருகருகே ஓட்டுங்கள். 50% கிளிசரால் இருந்தால் −20-இல் உறையாது, அப்படியே வைக்கலாம். கிளிசரால் இல்லாததைச் சிறு பங்குகளாகப் பிரித்து உறையவைத்து, ஒரு பங்கை ஒரு முறைக்கு மேல் உருக்காதீர்கள். எச்.ஆர்.பி. (பேண்டை ஒளிரச் செய்யும் நொதி) பொருத்திய செகண்டரி கரைக்கும் பஃபரில் சோடியம் அசைடு துளியும் கூடாது, நொதி செத்துப்போகும்.

எழுதும்போது கேட்டலாக் எண், குளோன் பெயர், லாட் எண், நீர்ப்பு விகிதம் நான்கையும் போடுங்கள், முழு பிளாட்டையும் வெட்டாமல் எடைக் குறிகளோடு இணையுங்கள். "நிறுவனத்தின் பரிந்துரைப்படி" என்று ஒரு வரியில் முடித்துவிட்டால் அதை வைத்து அடுத்த ஆய்வகத்தால் எதையும் திரும்பச் செய்து பார்க்க முடியாது.