திண்ணைக்கு ஒரு 'அப்', ஒரு 'அவுட்'

செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானில் பழைய வீடு பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களை 'கம் டு இன்சைட்' என்று கூப்பிடுகிற குரலைக் கேட்கலாம். 'உள்ளுக்கு வாங்க' என்பதை அப்படியே மாற்றிப்போட்டால் வேறென்ன வரும்? முகப்பிலிருந்து வளவுக்கு, அதாவது உள்முற்றத்துக்கு, அழைக்கும் ஆங்கிலேயர் 'கம் த்ரூ டு த கோர்ட்யார்ட்' என்பார்.

இதில் 'த்ரூ' அட்வெர்ப் பார்ட்டிக்கிள், அதாவது வினையோடு ஒட்டி வரும் சின்னச் சொல். 'டு' பிரிபொசிஷன், நம் வேற்றுமை உருபு மாதிரி பெயரோடு சேர்வது. 'கம் த்ரூ' என்று அதோடு நிறுத்திவிடலாம், குறையில்லை. 'கம் டு' என்று நிறுத்தினால் 'எங்கே?' என்று கேட்பார்கள். (மயக்கம் தெளிவதையும் 'கம் டு' என்பார்கள், அது தனிக் கதை.) அதாவது பிரிபொசிஷனுக்கு அடுத்து ஒரு பெயர் வந்தாக வேண்டும், பார்ட்டிக்கிளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

சரி, 'டு த கோர்ட்யார்ட்' மட்டும் போதாதா? இடம் தெரிய அது போதும். ஆனால் பேசுகிறவர் எங்கே நின்று பேசுகிறார் என்பதை பார்ட்டிக்கிள்தான் காட்டும். ஆச்சி திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். வளவில் நிற்பவர் 'ஷி இஸ் அவுட் ஆன் த திண்ணை' என்பார். தெருவில் நிற்பவருக்குத் திண்ணை உயரத்தில் இருப்பதால் அதே ஆச்சி 'அப் ஆன் த திண்ணை'. ஆச்சிக்கும் திண்ணைக்கும் உள்ள உறவு மாறவில்லை, அதனால் 'ஆன்' அசையவில்லை. முகப்பில் இருப்பவருக்கு அடுப்படி 'பேக் இன் த கிச்சன்', மாடியில் இருப்பவருக்கு 'டவுன் இன் த கிச்சன்'.

கொண்டுவிற்க, அதாவது வியாபாரத்துக்காகக் கடல் கடந்து, போனவர்களுக்கும் இதே கணக்குதான். 'அவுட் டு ரங்கூன்' என்றால் சொல்பவரின் மனசு ஊரில் இருக்கிறது. 'கேம் பேக் ஃப்ரம் ரங்கூன்' என்பதில் 'பேக்'கை எடுத்துவிட்டால் ரங்கூனிலிருந்து வந்தார் என்பது நிற்கும், புறப்பட்ட ஊருக்கே திரும்பினார் என்பது போய்விடும்.

நமக்கு உண்மையில் கஷ்டம் தருவது வரிசை. 'பூனை ஊஞ்சலுக்கு அடியில் இருந்து வெளியே வந்தது' என்கிறோம். ஆங்கிலத்தில் 'கேம் அவுட் ஃப்ரம் அண்டர் த ஸ்விங்'. வந்தது, வெளியே, இருந்து, அடியில், ஊஞ்சல் என்று நம் வாக்கியத்தை வாலிலிருந்து படித்தால் அவர்கள் வாக்கியம்! தமிழில் வினை கடைசி, உருபும் பெயருக்குப் பின்னால். ஆங்கிலத்தில் இரண்டுமே முன்னால் வந்துவிடுகின்றன.

திசையே இல்லாத இடத்திலும் இந்த பார்ட்டிக்கிள், பிரிபொசிஷன் ஜோடி வரும். 'வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் கல்பாசி' என்றால் யாரும் எங்கேயும் ஓடவில்லை, கல்பாசி என்கிற மசாலாப் பொருள் தீர்ந்துபோய்விட்டது. (கிரிக்கெட் ரன் அவுட்டையும் இதில் சேர்க்க வேண்டாம்.) வேர் அவுட் (தேய்ந்துபோவது), டை அவுட் (அழிந்துபோவது) எல்லாவற்றிலும் 'அவுட்' முடிவைக் காட்டுகிறது. நாம் அதற்கு ஒரு துணைவினையைச் சேர்க்கிறோம். 'தீர்ந்துபோய்' என்பதில் உள்ள 'போ'வும் நடையைச் சொல்ல வந்த வினைதான், பாருங்கள்.

பேச்சில் கேட்கும்போது இன்னொரு சிக்கல். அழுத்தம் 'அவுட்' மேல் விழும். 'ஆஃப்' தேய்ந்து 'அவ்' என்றோ வெறும் 'அ' என்றோதான் காதில் விழும். கேட்காததை யார் எழுதுவார்கள்? பிள்ளைகள் 'ரன் அவுட் கல்பாசி' என்று எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கேள்வியாகத் திருப்பிக் கேட்டுப் பாருங்கள்: 'வாட் ஹேவ் யூ ரன் அவுட் ஆஃப்?' கடைசியில் வந்து நிற்பதால் இங்கே 'ஆஃப்' தேயாமல் முழுசாக ஒலிக்கும்.