மருந்தடித்த வயலும் சுறாக்களின் கணக்கும்

"புகையானுக்கு இரண்டு தடவை மருந்தடித்தேன். அடித்த பிறகுதான் அதிகமாகிவிட்டது, ஏன்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். புகையான், நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் பூச்சி. விடையின் ஒரு பகுதி அட்ரியாட்டிக் கடலோர மீன் சந்தைக் கணக்குகளில் இருக்கிறது.

அந்தக் கணக்குகளைப் புரட்டியவர் உம்பெர்த்தோ தங்கோனா என்ற இத்தாலிய விலங்கியலாளர். ஃபியூமே துறைமுகச் சந்தைக்கு வந்த மீனில் சுறா, திருக்கை போன்றவை 1914-இல் சுமார் 12 சதவீதம், 1918-இல் 36, 1923-இல் மறுபடி 11. நடுவில் முதல் உலகப் போர், மீன்பிடிப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. அப்படியானால் எல்லா மீனும்தானே பெருக வேண்டும்? பின்னாளில் தனக்கு மாமனாரான கணித மேதை வீட்டோ வோல்ட்டெராவிடம் கேட்டார். 1926-இல் விடை வெளியானது. அமெரிக்காவில் ஆல்ஃபிரட் லோட்காவும் அதே சமன்பாடுகளைத் தனியாக எட்டியிருந்தார்.

சமன்பாடுகள் எளியவை. இரை தானாகப் பெருகும், சுறாவிடம் சிக்கிக் குறையும். சுறா தின்று பெருகும், பட்டினியில் சாகும். இரண்டும் மாறி மாறி ஏறி இறங்கும். சரி, இதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே உண்டு. என்னைச் சொக்க வைப்பது அந்த ஏற்ற இறக்கத்தின் சராசரி.

சுறாக்கள் கூடாமல் குறையாமல் இருக்க எவ்வளவு இரை வேண்டும்? சாகிற சுறாக்களைப் பிறக்கிறவை ஈடுகட்டும் அளவுக்கு. இரையின் சராசரி எண்ணிக்கை அதுதான். இந்தக் கணக்கில் இரையின் பிறப்பு விகிதம் எங்குமே வரவில்லை, பாருங்கள்! இரை எத்தனை முட்டையிட்டாலும் அதன் சராசரியை முடிவு செய்வது சுறாவின் சாவு. அதேபோல சுறாவின் சராசரியை முடிவு செய்வது இரை பெருகும் வேகம்.

இப்போது வலையை வீசுங்கள். சுறாவின் சாவு கூடும், அதனால் இரையின் சராசரி உயரும். இரை பெருகும் வேகம் குறையும், அதனால் சுறாவின் சராசரி இறங்கும். வலையை எடுத்தால் தலைகீழ். போர் செய்தது அதைத்தான்.

யாரோ வருடக்கணக்கில் சலிக்காமல் மீன் வரவை எழுதி வைத்ததால் கிடைத்த விடை இது. இப்படி எண்ணிக்கொண்டே இருக்கும் வேலைக்கு நிதி ஒதுக்கத் தயங்குவது பெரிய தவறு என்பேன்.

வயலில் அடிக்கும் மருந்தும் ஒரு வலைதான்; புகையானையும் கொல்லும், அதைத் தின்னும் சிலந்தியையும் கொல்லும். நிஜ வயல் இந்தக் கணக்கைவிடச் சிக்கலானது. இலையுறைக்குள் இருக்கும் புகையான் முட்டைகள் பெரும்பாலும் தப்பிவிடும், பொரிக்கும்போது தின்ன ஆளிருக்காது. அதனால்தான் தூருக்கு (நெல்லின் ஒரு கிளைத்தண்டுக்கு) ஒரு புகையான் இருந்தால் மருந்து என்று சொல்லும் வேளாண் பரிந்துரை, குத்துக்கு (பல தூர்கள் சேர்ந்து நிற்கும் கொத்துக்கு) ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கச் சொல்கிறது. அடுத்த முறை தெளிப்பானை எடுக்கும் முன் பயிரை விலக்கி, சிலந்திகளையும் எண்ணிப் பாருங்கள்.