பூவாளியைப் பிடுங்காதீர்கள்

டிமென்ஷியா (நினைவும் சிந்திக்கும் திறனும் குறைந்துபோகும் மறதி நோய்) உள்ளவர்களின் வீடுகளுக்கு ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக, அதாவது அன்றாட வேலைகளைச் செய்ய உதவும் சிகிச்சையாளராகப் போகும்போது, ஜன்னலோரம் இரண்டு மூன்று தொட்டி வைக்கச் சொல்வது என் வழக்கம். கொஞ்ச நாளில் ஒரு புகார் வரும்: "அம்மா காலையிலிருந்து தண்ணி ஊத்திக்கிட்டே இருக்காங்க, செடி அழுகிப்போச்சு." அதற்குள் பூவாளி பரண் ஏறியிருக்கும்.

டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமரில், புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி ஆரம்பத்திலேயே பாதிக்கப்படுவதால், 10 நிமிடம் முன்பு தண்ணீர் ஊற்றியது மனதில் பதிவதில்லை. வருடக்கணக்கில் கைபழகிய வேலைகளோ மூளையின் வேறு பகுதிகளைச் சார்ந்தவை. அவை வெகுகாலம் தங்கும். அதனால்தான் ஊற்றத் தெரிகிறது, ஊற்றியது தெரிவதில்லை. "இப்பத்தானேம்மா ஊத்தினீங்க" என்று நீங்கள் சொன்னால் அவருக்கு அது வீண்பழியாகத்தான் படும்.

அவரோடு மல்லுக்கட்டாமல் ஏற்பாட்டை மாற்றிப் பாருங்கள். அன்றைக்கு வேண்டிய தண்ணீரை மட்டும் ஒரு சின்னப் பூவாளியில் நிரப்பி வையுங்கள். குழாயடிக்குப் போய் நிரப்பிக்கொள்பவரா? ஸ்ப்ரே பாட்டில் கொடுங்கள், அதில் எவ்வளவு நேரம் அடித்தாலும் தொட்டிக்குள் போவது கொஞ்சம்தான். புதினாத் தண்டை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டம்ளரில் தண்ணீரில் வைத்தால் அதிகமாக ஊற்றும் கவலையே இல்லை. வேர் விடுவதையும் அவர் பார்க்கலாம். தொட்டி என்றால் அடியில் ஓட்டையும் கீழே ஆழமான தட்டும் வேண்டும். தரையில் சிந்தியதை உடனே துடைத்துவிடுங்கள். செடி போனால் இன்னொன்று வைக்கலாம், வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பெரிய பாடு.

வாசனைச் செடி வைத்தால் பழைய நினைவெல்லாம் திரும்பும் என்பார்கள். சிலருக்கு நடக்கலாம். ஆனால் அல்சைமரில் முகரும் திறன் சீக்கிரமே குறைகிறது. துளசியை மூக்கருகே நீட்டி "என்ன வாசனை, சொல்லுங்க" என்று பரீட்சை வைத்தால் அவருக்குக் கூச்சம்தான் மிஞ்சும். நான் கைக்குத்தான் வேலை தருவேன்: மண்கட்டியை உதிர்ப்பது, காய்ந்த இலையைக் கிள்ளுவது, கற்பூரவள்ளியின் தடித்த இலையைத் தடவிப் பார்ப்பது. "வெந்தயம் விதைக்கலாமா?" என்று கேட்டால் முழிப்பவர்கூட, உள்ளங்கையில் விதையை வைத்து முதல் விதையை நாம் போட்டுக் காட்டினால், பல நேரம் தானாகவே தொடர்வார். கறுப்பு மேசையில் கறுப்புத் தொட்டி வேண்டாம், பிரித்துத் தெரியாது.

காலை நேரம் நல்லது. ஜன்னல் வெளிச்சம் படுவது இரவுத் தூக்கம் ஒழுங்குபட உதவும். செடி வளர்ப்பதால் நோய் குணமாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்புறம், கூட இருந்து பார்த்துக்கொள்பவர் தினமும் மண்ணில் கை வைக்க வேண்டும் என்றில்லை. பக்கத்தில் சும்மா உட்கார்ந்து பேப்பர் படித்தாலும் சரி.

ஒன்றில் மட்டும் நான் கறார். கைக்குக் கிடைத்ததை வாயில் போடும் கட்டம் வரலாம். அரளி வீட்டுக்குள் கூடவே கூடாது, அது இதயத்தைத் தாக்கும் விஷம். மணி பிளாண்ட், டைஃபன்பாக்கியா இலைகளில் உள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் வாயையும் நாக்கையும் எரியவைத்து வீங்கச் செய்யும். மிட்டாய் போலத் தெரியும் உர உருண்டைகளைப் பூட்டி வையுங்கள். எதையாவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள். வாயில் மிச்சமிருப்பதை எடுத்துவிட்டு, அந்தச் செடியின் கிளை ஒன்றையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.