கலப்பினப் பேருந்து அல்ல, இருவிசைப் பேருந்து

லண்டனின் சிவப்புப் பேருந்துகளைப் பற்றித் தமிழில் எதை எடுத்துப் படித்தாலும் 'கலப்பினப் பேருந்து' என்ற சொல் வந்து நிற்கிறது. போன வாரம் ஒரே கட்டுரையில் ஏழு முறை. பேருந்துக்கு ஏது இனம்?

ஹைபிரிட் என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் இப்படிப் பெயர்த்திருக்கிறார்கள். அதன் வேர் லத்தீன். வீட்டுப் பன்றியும் காட்டுப் பன்றியும் கூடிப் பிறந்த குட்டிக்கு அங்கே வைத்த பெயர். பிறகு ஆங்கிலம் அதைச் செடிக்கும் வண்டிக்கும் நீட்டிக்கொண்டது. சரி, அது அவர்கள் மொழி போன வழி. தமிழில் கலப்பினம் என்றால் ஜெர்சி கலப்பு மாடுதான் நினைவுக்கு வரும். விதைக்குக்கூட நம் உழவர்கள் வீரிய ஒட்டு ரகம் என்று தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். உயிருள்ளவற்றுக்குள்ளேயே இப்படி இடம் பார்த்துச் சொல்லும்போது, இரும்பு வண்டிக்கு இனம் சேர்ப்பது பிழை.

2012-இல் ஓடத் தொடங்கிய 'புதிய ரூட்மாஸ்டர்' என்ற லண்டன் மாடிப் பேருந்தைப் பாருங்கள். அதன் டீசல் எஞ்சின் சக்கரத்தை நேராகச் சுற்றுவதில்லை. ஜெனரேட்டரை ஓட்டி மின்சாரம் தருகிறது. சக்கரத்தைச் சுற்றுவது மின்மோட்டார். பிரேக் பிடிக்கும்போது வீணாகிற ஆற்றலில் ஒரு பகுதியும் மின்சாரமாகிப் பேட்டரிக்குப் போகிறது. நிறுத்தத்துக்கு நிறுத்தம் நிற்கிற நகரப் பேருந்தில் டீசல் மிச்சமாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதைச் சிலர் 'இரட்டை எரிபொருள் பேருந்து' என்கிறார்கள். கலப்பினமாவது பொருந்தாத சொல்; இது தவறான தகவல். பெட்ரோலிலும் கேஸிலும் மாற்றி மாற்றி ஓடுகிற ஆட்டோவுக்குத்தான் அந்தப் பெயர் சரி. இந்தப் பேருந்தில் ஊற்றுவது டீசல் ஒன்றுதான். மின்சாரம் எரிகிற பொருளும் அல்ல.

நான் சொல்வது இருவிசைப் பேருந்து. விசைப்படகு, விசைத்தறி என்று கடற்கரையிலும் தறிக்கூடத்திலும் எந்திர வலுவுக்கு விசை என்ற சொல் நெடுநாளாகப் புழங்குகிறது. "சக்கரத்தைச் சுற்றுவது மோட்டார் மட்டும்தானே, இரண்டாவது விசை எங்கே?" என்று நண்பர் ஒருவர் மடக்கினார். நியாயமான கேள்வி. ஆனால் அந்த மோட்டாருக்கு வலு எஞ்சினிலிருந்தும் வருகிறது, பேட்டரியிலிருந்தும் வருகிறது. வேறு வகை ஹைபிரிட் வண்டிகளில் எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்தே சக்கரத்தைச் சுற்றும். இரண்டு வகைக்கும் இருவிசை பொருந்தும். இதுவும் பிடிக்கவில்லை என்றால் ஹைபிரிட் பேருந்து என்றே எழுதுங்கள், படிப்பவருக்குப் புரியும்.

அப்புறம் இந்த 'அணுகக்கூடிய பேருந்து'. ஆக்சஸிபிள் என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்தது. சக்கர நாற்காலியில் வருபவர் பேருந்தை அணுகினால் போதுமா, ஏற வேண்டாமா? லண்டன் பேருந்தில் தளம் தாழ்வாக இருக்கிறது, வாசலிலிருந்து சாய்பலகை நீள்கிறது, நாற்காலியோடு உள்ளே போய்விடலாம். சென்னைக்காரர்கள் தாழ்தளப் பேருந்து என்று ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மக்கள் வாயில் இருக்கிற அந்தச் சொல்லை விட்டுவிட்டு அகராதியில் தேடுவது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. போன வாரம் படித்த அந்தக் கட்டுரையில் இந்தப் பேருந்தை 'மாசற்ற' என்றும் எழுதியிருந்தார்கள். டீசல் எரிகிற வண்டி மாசு குறைந்த வண்டி, அவ்வளவுதான்.